வரைபடத்தில் இரண்டு படிக்கட்டு, கட்டடத்தில் ஒன்று: தீயணைப்புத் துறை சான்றை மறுக்கலாமா?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட திருமண மண்டபம் கட்டியிருக்கிறேன். முதல் மாடியில் மண்டபம், இரண்டாம் மாடியில் பந்திக் கூடம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. முதியவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று பொறியாளர் சொன்னதால், ஒரு படிக்கட்டின் இடத்தில் லிஃப்ட் வைத்தோம். வரைபட நிலையில் தடையின்மைச் சான்று கொடுத்த தீயணைப்புத் துறை, நேரில் ஆய்வு செய்த பிறகு இறுதிச் சான்று தர முடியாது என்கிறது. பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு அமைத்தால் போதும் என்கிறார் பொறியாளர். உயர் நீதிமன்றத்தை அணுகலாமா?

பதில்: தீயணைப்புத் துறையின் மறுப்பு சட்டப்படி சரியானதே. வரைபட நிலையில் தரப்படும் தடையின்மைச் சான்று, அந்த வரைபடத்தின்படியே கட்டப்படும் கட்டடத்துக்கு மட்டும் உரியது. ஆகவே ஒருமுறை கொடுத்த சான்றைத் துறை திரும்பப் பெறுவதாக நீங்கள் வாதிட இயலாது; சான்று பெற்ற கட்டடம் வேறு, எழுந்து நிற்கும் கட்டடம் வேறு என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருக்கும்.

'எங்களுடையது உயர்மாடிக் கட்டடமே இல்லையே' என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இன்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டதே உயர்மாடிக் கட்டடம் என்பது உண்மைதான். ஆனால் மக்கள் கூடும் இடத்துக்கான தீப் பாதுகாப்புத் தேவைகளை முடிவு செய்வதில் உயரத்தைப் போலவே பயன்பாட்டுக்கும் பங்கு உண்டு. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, 2016 இன் நான்காம் பகுதி இதை விரிவாகச் சொல்கிறது. அத்தொகுப்பு தன்னளவில் பரிந்துரையே என்றாலும், மாநில விதிகள் தீப் பாதுகாப்புக்கு அதையே அளவுகோலாக ஏற்றிருப்பதால், அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

அத்தொகுப்பின்படி லிஃப்ட் வெளியேறும் வழியாகக் கணக்கில் சேராது. தீ விபத்தில் மின்சாரம் நின்றால் லிஃப்ட் பாதியில் நிற்கும். அது ஓடும் கூண்டுவழியே புகை மேல்மாடிக்கு ஏறும். கூட்டம் கூடும் கட்டடங்களுக்குப் படிக்கட்டின் அகலம் பொதுவாக 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. 150 பேருக்குக் குறைவாக இருந்தால் 1.5 மீட்டர் வரை அனுமதி உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவருக்கு 1.5 சதுர மீட்டர் என்று கணக்கிடுவார்கள். உங்கள் பந்திக் கூடம் 300 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 200 பேர் ஒரே படிக்கட்டில் இறங்க வேண்டியிருக்கும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடிப் பந்தலில் தீப்பிடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்துக்குப் பிறகும் இரண்டாவது படிக்கட்டை வசதிக் குறைவாகக் கருதி நீக்கச் சொல்லும் பொறியாளரின் ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

இரும்புப் படிக்கட்டு யோசனையில் வேறொரு சிக்கல் உண்டு. பக்கவாட்டுத் திறந்தவெளி, அதாவது செட்பேக், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமின்றி, தீயணைப்பு வீரர்கள் கட்டடத்தை நெருங்குவதற்கும் விடப்படுவது. அனுமதியின்றி அதில் படிக்கட்டு அமைத்தால், தீயணைப்புத் துறையின் குறையைச் சரிசெய்யப்போய், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இன் 56, 57 ஆம் பிரிவுகளின்கீழ் நடவடிக்கைக்கு இடம் கொடுத்தவராவீர்கள். மேலும் வெளிப்புறப் படிக்கட்டுக்கு 125 செ.மீ. அகலமும், படியின் மிதிபரப்பு குறைந்தது 25 செ.மீ. ஆகவும், உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஏணி போன்ற ஒன்றைச் சுவரில் பொருத்தினால் ஏற்கமாட்டார்கள்.

எனவே மறுப்புக்கான காரணங்களை முதலில் எழுத்தில் பெறுங்கள். வாய்மொழியாகவே சொல்லிக்கொண்டிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆய்வறிக்கையின் நகலைக் கேட்கலாம். பிறகு உரிமம் பெற்ற வேறொரு கட்டட வல்லுநரைக் கொண்டு, இரண்டு மாடிகளையும் இணைக்கும் படிக்கட்டுடன் திருத்திய வரைபடம் தயாரித்து, திட்ட அனுமதி அளித்த அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். செட்பேக் அளவு இடம் தராவிட்டால், லிஃப்ட் கூண்டை அகற்றி, முதல் வரைபடத்தில் இருந்த படிக்கட்டையே கட்டுவதுதான் வழி. செலவு கூடும்; ஆனால் சட்டச் சிக்கல் குறைவு. திருத்திய வரைபடம் நிராகரிக்கப்பட்டால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79 ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த நிலையில், துறைக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் நீதிப்பேராணை (ரிட்) மனுவை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து உத்தரவிடுமாறு நீதிமன்றம் துறைக்குச் சொல்லலாமே ஒழிய, ஒப்புதலுக்கு மாறாகக் கட்டப்பட்டதற்குச் சான்று கொடு என்று உத்தரவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. 'அதிகாரிகளே பார்த்துவிட்டுக் கொடுத்தது' என்ற பாதுகாப்பும் பின்னாளில் உங்களைக் காக்காது. 1997 இல் 59 பேர் இறந்த டெல்லி உப்கார் திரையரங்கு வழக்கில், 2011 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உரிமம் வழங்கிய அதிகாரியையும் மாநகராட்சியையும் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்து, 85 விழுக்காட்டைத் திரையரங்கு உரிமையாளர் மீதும், 15 விழுக்காட்டை மின்வாரியத்தின் மீதும் சுமத்தியது. அலட்சியத்தால் உயிரிழப்பு நேர்ந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம்.

இறுதிச் சான்றும், பணிநிறைவுச் சான்றும், தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமமும் கைக்கு வரும்வரை முகூர்த்தத் தேதிகளுக்கு முன்பணம் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொறியாளரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் லிஃப்டுக்கு நீங்களும் சம்மதித்திருப்பதால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; அவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்களையும், கட்டணம் செலுத்திய ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.