மேயராக ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

பாரிஸ் புறநகர் லாகூர்நெவ்விலிருந்து ஒரு தாய் போன் எடுத்தார். மகளுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். மேயராக வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். அரசியல் என்றால் சியான்ஸ் போ என்ற அரசியல் படிப்புக் கல்லூரி, இல்லையென்றால் மருத்துவம் என்கிறாராம் லண்டன் சித்தப்பா. நுழைவுப் பயிற்சி நடத்தும் தனியார் நிலையத்துக்குக் கட்ட சீட்டுப் பணத்தை எடுக்கட்டுமா என்று கேட்டார்.

எடுக்காதீர்கள் அக்கா. சியான்ஸ் போ வழி சித்தப்பாவுக்கே தெரியும், அதை விடுவோம்.

பாரிஸின் முதல் பெண் மேயர் ஆன் இதால்கோவைப் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து லியோனுக்கு வந்த எலக்ட்ரீசியனின் மகள், தாய் தையல் வேலை. அவர் 1982-ல் எழுதித் தேறியது தொழிலாளர் ஆய்வாளர் போட்டித் தேர்வு. 1984-ல் பாரிஸ் புறநகர் ஷெவிலி-லாரூவில் முதல் பணி. அமைச்சர்களின் ஆலோசகர், 2001-ல் துணை மேயர், 2014-ல் மேயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொழிலாளர் ஆய்வாளர் என்பது நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத வேலை. முன்னறிவிப்பு இல்லாமல், இரவானாலும், வேலை நடக்கும் இடத்துக்குள் நுழையலாம். உணவகச் சமையலறையில் பதிவில்லாமல் யாராவது வேலை செய்கிறார்களா, ஓவர்டைம் கணக்கு சரியா என்று பார்க்கலாம். கட்டடத்தில் ஆள் விழும் ஆபத்து இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். தேர்வு எழுத மூன்று வருடப் பட்டம் போதும். தேறினால் லியோன் பக்கத்தில் மார்சி-லெத்வாலில் பயிற்சி, அந்தக் காலத்திலும் சம்பளம் உண்டு. பட்டத்துக்கு அரசுப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம் வருடம் 200 யூரோவுக்குள். வசதி குறைந்தவர்களுக்கு ‘ப்ரெபா தலான்’ என்ற போட்டித் தேர்வுத் தயாரிப்பு வகுப்பும் உதவித்தொகையும் இருக்கின்றன.

அரசியலில் தோற்பது சகஜம். இதால்கோ 2002-லும் 2007-லும் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். 2022-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று 1.75 சதவீதம்தான் வாங்கினார். தோற்ற மறுநாள் திரும்பிப்போக ஒரு வேலை வேண்டாமா?

பக்கத்து வீட்டாரின் கடிதங்களை எல்லாம் வாசித்து, படிவம் நிரப்பிக் கொடுப்பது உங்கள் மகள்தான் என்றீர்கள். அவளைப் போய் மருத்துவத்துக்குத் தள்ளினால் அது சித்தப்பாவின் ஆசையாகத்தான் இருக்கும்.

18 வயதானதும் நகரசபைத் தேர்தலில் நிற்கலாம். வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்பது சட்டம், ஆகவே பெண் வேட்பாளர்களைத் தேடுவார்கள். அதுவரை நகரசபைக் கூட்டங்களுக்குப் போய் உட்காரட்டும். பொதுமக்களுக்கு அனுமதி உண்டு, காசும் இல்லை.