அம்மாவோட ரிப்போர்ட்ல இருக்கிறது பிளட் கேன்சரா டொக்டர்?

தலவாக்கலை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு 46 வயசு, கொழுந்து எடுக்கிறவங்க, மலையேறினா மூச்சு வாங்குதாம். எஃப்பிசி (ரத்த அணுக்கள எண்ணிப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்ததுல எச்பி (ஹீமோகுளோபின்) 8.9, எம்சிவி 68, வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் நோர்மல், கீழ "மைக்ரோசைட்டிக் ஹைப்போக்ரோமிக் அனீமியா"ன்னு போட்டிருக்கு. அதப் பார்த்துட்டு பக்கத்து லயத்துல ஒருத்தர் பிளட் கேன்சர்னு சொல்லிட்டாராம், வீட்டுல யாருக்கும் தூக்கமில்லையாம்.

தங்கச்சி, முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க, அந்த வரியில கேன்சர்னு எதுவுமே எழுதல. மைக்ரோசைட்டிக்னா சிவப்பணு சின்னதா இருக்கு, ஹைப்போக்ரோமிக்னா வெளிறிப்போயிருக்கு, அனீமியான்னா ரத்தக்குறைவு, அவ்வளவுதான். எம்சிவிங்கிறது அந்த அணுவோட சராசரி சைஸ், 80லருந்து 100க்குள்ள இருக்கணும். எச்பி பொம்பளைங்களுக்கு 12ஆவது வேணும், அதனால 8.9ங்கிறது நல்லாவே குறைவு, மூச்சு வாங்குறதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்.

இப்பிடி அணு சின்னதாகுறதுக்கு பெரும்பாலும் இரும்புச்சத்து பத்தாததுதான் காரணம். ஆனா தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயோட கேரியரா (நோய் இல்லாம அந்த மரபணுவ மட்டும் சுமக்கிறவங்க) இருந்தாலும் இதே மாதிரிதான் ரிப்போர்ட் வரும், அதனால ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்னு கேட்டு எடுங்க, உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு அது காட்டும். அது குறைவா இல்லாட்டி ஹீமோகுளோபின் வகை பார்க்கிற டெஸ்டும் எடுக்கணும், அம்மா கேரியர்னு வந்தா கல்யாணத்துக்கு முன்ன நீங்களும் செக் பண்ணிக்கங்க, ஏன்னா புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருமே கேரியர்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு நோய் வர வாய்ப்பிருக்கு.

இன்னொன்னு அம்மாகிட்ட தனியா கேளுங்க, மாசாமாசம் ரத்தம் அதிகமா போகுதா, கட்டி கட்டியா போகுதான்னு. இந்த வயசுல கருப்பையில ஃபைப்ரோயிட் கட்டி இருந்து அப்பிடி போகலாம், நம்ம பொம்பளைங்க வெக்கப்பட்டு வருஷக்கணக்கா சொல்லாம இருந்துடுறாங்க, எனக்கு ரொம்ப கவலையான விஷயம் இது. போற ரத்தத்த நிப்பாட்டாம எத்தனை குளிசை குடுத்தாலும் எச்பி ஏறி நிக்கிறது கஷ்டம்.

குளிசை எழுதிக் குடுத்தா தேத்தண்ணியோட மட்டும் போட விடாதீங்க. காலையில ரொட்டியும் சம்பலும் சாயமும் (பால் இல்லாத தேத்தண்ணி), பத்து மணிக்கு மலையில திரும்பவும் சாயம், அந்த சாயத்துல உள்ளது இரும்ப பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. தேத்தண்ணிய விட சொல்லல, சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளி குடிக்கட்டும், குளிசைய தேசிக்காய் தண்ணியோட போடட்டும். மலம் கறுப்பா போகும், பயப்பட வேணாம். எச்பி 12 வந்தாலும் இன்னும் மூனு மாசம் தொடர்ந்து போடணும், உடம்பு தேறிடுச்சுன்னு பாதியில விட்டுடுறதாலதான் நிறைய பேருக்கு திரும்ப வருது.

சும்மா உட்கார்ந்திருக்கிறப்பவே மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, மயங்கி விழுந்தா, குளிசை தொடங்க முன்னமே மலம் தார் மாதிரி கறுப்பா போனா, கிளினிக் திகதி வரைக்கும் பார்த்துட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.