இலங்கையின் அரசியலமைப்புகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இலங்கைக்கு இதுவரை எத்தனை அரசியலமைப்புகள்? (மாணவர், கொட்டாஞ்சேனை)

சுதந்திர இலங்கைக்கு மூன்று: சோல்பரி (சுதந்திரத்தோடு இருந்த யாப்பு), 1972, 1978. பரீட்சைக்கு என்றால் பிரித்தானியர் காலத்து 1833 கோல்புறூக்கிலிருந்து தொடங்குங்கள். 1931 டொனமூரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் சேர்த்து சர்வசன வாக்குரிமை தந்தது அதுதான்.

கேள்வி: சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அது எங்களைக் காப்பாற்றியதா? (வாசகி, வெள்ளவத்தை)

காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது 29(2). அது இருக்கும்போதே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் (அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றம்) அந்தச் சட்டம் செல்லும் என்றுவிட்டது.

ஆனாலும் வழக்காட ஒரு பிடி இருந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டமே செல்லாது என்று நீதிமன்றம் போனார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றத்தில் அது கவிழ்ந்தது. 1969இல் கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை ஏற்காமல், சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இங்கேயே தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அது தீரவேயில்லை. லண்டனுக்கு மேன்முறையிடும் வழி 1971இல் மூடப்பட்டது. 1972 யாப்பில் 29ஆம் பிரிவும் இல்லை. தோற்றிருந்தால்கூட ஒரு பதில் கிடைத்திருக்கும். எங்கள் அரசியலமைப்பு வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

கேள்வி: தமிழ் எப்போது அரசகரும மொழியானது? (வத்தளை)

1987 நவம்பரில், 13ஆம் திருத்தத்தோடு.

கேள்வி: இன்று ஒரு சட்டம் பாரபட்சமானது என்றால் வழக்குப் போடலாமா? (தெஹிவளை)

நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து முடியாது. 1978 யாப்பின் 80(3) அதைத் தடுக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போதே, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய குறுகிய காலத்துக்குள், எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே வர்த்தமானியில் வரும்போதே பார்த்து வையுங்கள். சட்டமல்ல, ஓர் அதிகாரியின் செயல்தான் பிரச்சினை என்றால் வழி வேறு: 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனு. அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். மனுவுக்கு வேண்டிய மற்றக் கடிதங்களைப் பிறகு சேர்க்கலாம்.