பழைய பெட்ரோல் அம்பாசடர் ஏற்றத்தில் இழுக்கவில்லை, சூடும் ஆகிறது. டைமிங்கை நாமே பார்த்து வைக்க முடியுமா?

முடியுங்க. டைமிங் என்பது பிளக்கில் பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்ற கணக்கு. ஆனால் பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகுவதற்கு முன்னால் அதன் மூடியைத் திறந்து, மூடித் திறந்து பொறியை வரவைக்கும் பாயிண்டைப் பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து திம்பம் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டவன்.

அப்பாருடைய மார்க் 3, 1489 சிசி வண்டி, கோபி பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. உங்கள் வண்டிக்கு வந்த நோய்தான் அதற்கும்: பிக்கப் இல்லை, சத்தியமங்கலம் சேர்வதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். டைமிங் பிந்திவிட்டது என்று நானே முடிவுகட்டி, எஞ்சினை ஓடவிட்டு, காதை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கினேன். சமரோட்டில் பறந்தது. பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழெட்டு ஏறியிருப்பேன். மூன்றாவது கியரில் மிதித்தால் முறத்தில் கடலைக்காய் புடைக்கிற சத்தம். பொறி அளவுக்கு மீறி முந்தினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எகிறி, எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அந்தத் தட்டலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் போய்விடும்.

திரும்பி இறங்கி சத்தியில் ஒரு பெரியவர் பட்டறையில் விட்டேன். மூடியைக் கழற்றியவர் சிரித்துவிட்டார். "டைமிங்கு எங்கயும் போகலீங் தம்பி, பாயிண்டு தேஞ்சு ஒட்டிக்கிட்டு நிக்குது."

விஷயம் இதுதான். பாயிண்டின் ஃபைபர் குதிகால், நடுவே சுற்றும் மேடுள்ள கேமில் உரசித் தேயத் தேய பாயிண்டின் இடைவெளி குறையும். குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் பிந்தும். அதனால் இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங். குதிகால் கேமின் மேட்டில் நிற்கும்போது ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள்; லூகாஸ் வகைக்கு 14 முதல் 16 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டைமிங். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிப் பக்கம் பிடுங்கி எஞ்சின் உடம்பில் தொடும்படி வையுங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பு. சாவியைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறக்கிற நொடியில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் முதல் சிலிண்டர் ஒயரைப் பார்க்கிறபோது (ஃபேன் பக்கம் இருப்பதுதான் முதல் சிலிண்டர், வரிசை 1-3-4-2) பல்பு எரிந்த இடத்தில் நிறுத்தி, கிராங்க் புல்லியின் வெட்டு டைமிங் கவர் குறியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எத்தனை டிகிரி என்பதை உங்கள் எஞ்சினுக்கான மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வண்டியின் கணக்கு வேண்டாம். குறிகளைத் துடைத்து வெள்ளைப் பெயிண்ட் ஒரு தீற்று போட்டுவிட்டால் கண்ணுக்குப் பாதி வேலை மிச்சம்.

திருப்புவதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மேலிருந்து பார்த்தால் அம்பாசடரில் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை ரோட்டருக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். மயிரிழை அளவே போதும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இங்கே ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்கில் இரண்டு.

இவ்வளவும் சரியாக வைத்தும் இழுக்கவில்லையா? கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயை கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நகராமல் காற்று மட்டும் வந்தால் தட்டை இழுக்கும் டயாஃப்ரம் (மெல்லிய திரை) கிழிந்திருக்கிறது. பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் கிடைத்தால் அந்தக் குழாயை அடைத்துவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள்; குறி சீராக முந்திப் போனால், வேகம் கூடக் கூடப் பொறியை முந்தவைக்கும் உள் எடைகள் வேலை செய்கின்றன. ஒரே வேகத்திலும் குறி நிற்காமல் துள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது, அதை டைமிங் வைத்துச் சரிபண்ண முடியாது.

சூட்டுக்கு ரேடியேட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் வண்டியில் கடைசியில் அதிலும் பாதி அடைப்பு இருந்தது. முதல் ஓட்டத்தை மலையில் வைக்காமல் ஊர்ப்பக்கத்து மேடு ஒன்றில் டாப் கியரில் மிதித்துப் பாருங்கள், தட்டினால் அங்கேயே இறங்கி ஒரு துளி பிந்த வைத்துக்கொள்ளலாம். ஸ்பேனரை டிக்கியில் போடாமல் சீட்டுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள்.