கண்ணாடிக் காட்சி வருவது எந்த ‘தி ஓமன்’?

‘தி ஓமன்’ பார்த்தேன், கண்ணாடி தலையை வெட்டும் காட்சி வரவேயில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது 1976இல் ரிச்சர்ட் டோனர் எடுத்த திகில் படமான ‘தி ஓமன்’. லாரியிலிருந்து சறுக்கி வரும் கண்ணாடி புகைப்படக்காரரின் தலையைத் துண்டிப்பது அதில்தான். நீங்கள் பார்த்து ஏமாந்தது 2006 மறுஆக்கமாக இருக்கும். பெயரும் அதே, கதையும் கிட்டத்தட்ட அதே.

போட்டதும் பெயர்களைக் கவனியுங்கள். கிரிகரி பெக் இருந்தால் சரியான படம். காதையும் கொடுங்கள்: லத்தீனில் தாழ்ந்து தொடங்கி ஓங்கி எழும் கோரஸ், ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த இசை. எனக்குப் படத்தில் வரும் சாத்தானின் பிள்ளை டேமியனைவிட அந்தக் குரல்கள்தான் இன்னும் பயம்.

ஒன்று, டிவியில் போடும்போது அந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம். கண்ணாடி வரவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியில், கல்லறைத் தோட்டத்தில், அந்தப் பிள்ளை திரும்பி நம்மைப் பார்த்துச் சிரிப்பான்.