பதில்: அரிசிப் பானையில வச்ச நாட்டுக்கோழி முட்டை கெட்டுப்போகுது

வீட்டுக்கோழி முட்டைய எடுத்த உடனே கழுவி அரிசிப் பானைக்குள்ள வைக்கிறேன், ஒரு வாரத்துலயே ரெண்டு மூணு நாறிப்போகுதுன்னு தேவகோட்டைலேர்ந்து கேட்டிருந்தீங்களேக்கா, மொதல்ல அந்தக் கழுவுறத நிறுத்துங்க. ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும், அதுதான் ஓட்டுல இருக்க பொடிப்பொடி துவாரத்த அடைச்சு கிருமிய உள்ள விடாம வைக்கிது, கழுவுனா அது போயிரும், அப்பறம் சீக்கிரம் கெடத்தான் செய்யும். எச்சம் ஒட்டியிருந்தா காஞ்ச துணியால தொடைங்க, ரொம்ப அழுக்கா இருந்தா அன்னைக்கே கழுவி சமைச்சுருங்க.

கூட சேவல் மேயுதா? அப்ப நம்ம சித்திரை வெயில்ல கோழி அடை காக்காமலே கரு வளர ஆரம்பிச்சுரும், பாதில செத்து அழுகிரும். ஆச்சி காலத்து வளவு வீட்டுல சுவரு தடிமன், உள்ளறை குளுகுளுன்னு இருக்கும், அரிசிப் பானை தாங்குச்சு. இப்ப கான்கிரீட் வீட்டுல அதெல்லாம் ஆவாது, பிரிட்ஜ்தான். கதவுல வேணாம், உள் தட்டுல கூர்முனை கீழ இருக்க மாதிரி வைங்க. வெளிய எடுத்தத திரும்ப உள்ள வைக்காதீங்க, வேர்த்துரும்.

சந்தேகம்னா தண்ணில போட்டுப் பாருங்க, மெதந்தா பழசு, தனிக் கிண்ணத்துல ஒடச்சு மோந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆனா அவிச்சு குழம்பு வைக்க ஒரு வாரப் பழசுதான் தோது, அன்னைக்குப் போட்ட முட்டைல ஓடு சதையோட பிச்சுக்கிட்டு வரும்.