திரும்பி வர எத்தனை வழி?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், கொச்சியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருப்பவர்.

மும்பையில் கிளம்பும் சொகுசுக் கப்பலில் நான், கணவர், மாமியார் மூவரும் போகிறோம். கொச்சிக்குக் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புமாம். கப்பல்காரர்கள் நடத்தும் ஊர்சுற்றலுக்கு ஆளுக்குக் கேட்கும் தொகையில் நாலு கல்யாணத்துக்கு மொய் எழுதிவிடலாம். ஃபோர்ட் கொச்சியை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். எதிரே இருக்கும் வைப்பின் தீவுக்கு நாங்களே போய்வர முடியுமா?
*வாசகி, வேலந்தாவளம்*

தாராளமாகப் போகலாம் அம்மணி. கப்பல் நிற்கும் ஊரில் எந்தத் தீவைப் பற்றிக் கேட்டாலும், அங்கே என்ன பார்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் திரும்பி வர எத்தனை வழி என்றுதான் நான் கணக்குப் போடுவேன். வைப்பினிலிருந்து மூன்று வழி உண்டு. ஃபோர்ட் கொச்சிக்கு ஜங்கார் படகு, எர்ணாகுளம் ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ படகு, அதே ஹைகோர்ட் பக்கத்துக்கு கோஸ்ரீ பாலங்கள். ஒன்று படுத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் இறங்குவதும் ஒரு தீவில்தான். வில்லிங்டன் தீவு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டி வழி விட்டபின் 1928-இல்தான் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. வைப்பின் கதை அதற்கும் பல நூறு ஆண்டு முந்தியது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்துப் பக்கத்தை மண்ணடித்துக் கொச்சி வாயைத் திறந்துவிட்டதாகவும், அப்போது படிந்த மண்தான் வைப்பின் என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டை முதலாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்று தனி ஆண்டுக்கணக்கே நடந்திருக்கிறது.

வழியைச் சொல்கிறேன். துறைமுக வாசலுக்கு வெளியே ஆட்டோ கிடைக்கும். தோப்பும்படி வழியாக ஃபோர்ட் கொச்சி கமாலக்கடவுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து ஜங்கார். வண்டிகளும் ஆட்களும் ஒன்றாக ஏறும் தட்டையான படகு அது. அக்கரை போக ஐந்தாறு நிமிடம்தான், கட்டணமும் சில்லறைக் காசு. கார்களின் வரிசை தெருக்கோடி வரை நின்றாலும் நடந்து வருபவர்கள் ஏறிவிடலாம். மாமியாரின் கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கும் இரும்புப் பலகை ஈரமாக இருந்தால் வழுக்கும்.

இறங்கியதும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். கரையோரம் சீன வலை இருக்கிறது. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் செல்ஃபி எடுப்பவர்களுக்கு நடுவில் தெரியாமல் போனது இங்கே கண்ணுக்குத் தெரியும். வலையின் பின்பக்கம் கயிறுகளில் பாறாங்கற்கள் தொங்குகின்றன, ஒவ்வொரு கயிறும் ஒவ்வொரு நீளம். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்து வலையைத் தூக்கும்போது கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் பலகையில் உட்காரும். அதனால்தான் அவ்வளவு பெரிய வலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டுத் தூக்கிய வலையில் பாதி நேரம் வருவது ஆகாயத்தாமரைதான். வலைக்காரர்கள் அதற்காக முகம் சுளிப்பதில்லை, எடுத்து எறிந்துவிட்டு மறுபடியும் இறக்குவார்கள்.

பிறகு முனம்பம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறிச் செராய்க்கு டிக்கெட் எடுங்கள். 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர்கள் ஓட்டும் வேகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எடவனக்காடு, குழுப்பிள்ளி பக்கம் வரும்போது இரண்டு புறமும் பொக்காளி வயல்கள். உப்பைத் தாங்கும் நெல் அது. மழைக்காலத்தில் நெல், நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால். கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்குத் தீனியாகும். இறால் காலத்தில் போனால் வயல் முழுக்க வெறும் தண்ணீராகத்தான் தெரியும், மதகில் வலை கட்டியிருப்பதைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளலாம். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே ஆயுளைக் கழிக்கும் நம் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும்.

செராயில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல். கடற்கரையை விட எனக்கு அந்த ஊர் முக்கியம். சீர்திருத்தக்காரர் ‘சகோதரன்’ அய்யப்பன், தாம் ஈழவராக இருந்தும், 1917-இல் ஈழவர்களையும் தீண்டாமைக்கு ஆளான புலையர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்த ஊர் அது. அதற்காக அவரைச் சொந்தச் சாதிக்காரர்களே ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள், அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். கடலில் கால் நனைக்க வருபவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது.

வடகோடியில் பள்ளிப்புரம் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டிய ஆறுமூலைக் கோட்டை. சின்னது, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் கடிகாரத்தில் மதியம் 1 மணி தாண்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இனி நேரம். 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் 5 மணிக்கோ அதற்கும் முன்போ எல்லோரும் ஏறியிருக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அந்த நேரம்தான் கணக்கு, 6 மணியை மறந்துவிடுங்கள். துறைமுக வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. கப்பல் அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். 4 மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமென்றால் 2 மணிக்குச் செராயை விட்டுக் கிளம்புங்கள். திரும்பும்போது ஜங்கார் வேண்டாம். அங்கிருந்தே ஒரு டாக்ஸி பிடித்து கோஸ்ரீ பாலம், ஹைகோர்ட், வெண்டுருத்திப் பாலம் என்று நேரே வில்லிங்டன் தீவுக்கு வந்துவிடுங்கள். போகும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம். வரும்போது காசைப் பார்க்கக் கூடாது.

இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் தாமதமானதற்காகப் பயணியை விட்டுவிட்டா போவார்கள்? சும்மா பயமுறுத்துகிறார்கள் என்கிறார் என் மைத்துனர்.
*வாசகர், மறையூர்*

உங்கள் மைத்துனரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கப்பல் நடத்தும் டூரில் போன பஸ் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். அது அவர்கள் பொறுப்பு. தானாகப் போனவருக்குக் காத்திருக்காது. இரக்கமில்லாமல் அல்ல. கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்டுக்கு நேரம் சொல்லியாகிவிட்டது, இழுவைப் படகுகள் வந்து நிற்கின்றன, அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வரவிருக்கிறது, போய்ச்சேரும் துறைமுகத்திலும் இதே போல ஒரு வரிசை காத்திருக்கிறது.

ஒரு வெளிநாட்டுத் தம்பதி மட்டாஞ்சேரியில் பழைய சாமான் கடைகளில் நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்தார்கள். அவர்கள் வார்ஃபில் கால் வைத்தபோது ஏணிப்படியை எடுத்துவிட்டார்கள், கடைசிக் கயிறும் தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்த அம்மாளின் இரண்டு கையிலும் இடுப்புயரப் பித்தளைக் குத்துவிளக்கு. மேல் தளத்தில் நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்து சேரவில்லை என்றால் அவர்களுடைய அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது கப்பல் வழக்கம். அந்த உறை என் கையில்தான் இருந்தது. அடுத்த துறைமுகம் மர்மகோவா. ராத்திரி ரயிலில் ஏற்றிவிட்டோம், செலவெல்லாம் அவர்களுடையது. கணவருக்குக் கப்பல் போனதை விட ரயிலில் விளக்கை எங்கே வைப்பது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

தினமும் அறைக்குள் ஒரு தாள் போடுவார்களே, அதில் அந்தத் துறைமுகத்து ஏஜென்டின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். இறங்குமுன் அதைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போகிறோம். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு வேண்டுதல் இருக்கிறது. இறங்கி நாங்களே போய்வந்துவிடலாமா?
*வாசகர், செங்கோட்டை*

அம்மன் மன்னிக்கட்டும், கப்பல் நிற்கும் நேரத்தைப் பார்க்காமல் நான் ‘ஆம்’ சொல்ல மாட்டேன்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 18 கிலோமீட்டர் போல. அங்கிருந்து வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிச் சாலைகள் வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். பிறகு படகு, சுமார் 20 நிமிடம். படகு கிளம்பும் வரை காத்திருப்பதையும் சேர்த்தால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. நயினாதீவிலிருந்து திரும்ப அந்தப் படகு ஒன்றுதான் வழி. திருவிழாக் காலமென்றால் அதற்கும் கூட்டம். கப்பல் முழுப்பகல், பத்து மணி நேரமாவது நின்றால் விடிந்ததும் வேன் பிடித்துப் போய்வாருங்கள். அதற்குக் குறைவென்றால் வேண்டாம். வேண்டுதலுக்கு என்று ஒரு தனிப் பயணம் வைத்துக்கொள்ளுங்கள், நாகப்பட்டினத்திலிருந்து 2023-இல் தொடங்கிய பயணிகள் கப்பல் இருக்கிறது. கிளம்பும் நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் காரைநகர் போங்கள். அதுவும் தீவுதான், பொன்னாலைத் தாம்போதி வழியாக வண்டி உள்ளே போகும். கசூரினாக் கடற்கரையில் தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவுதான். வழியில் கீரிமலைக் கேணியில் குளித்து நகுலேஸ்வரரையும் கும்பிட்டுவிடலாம், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரம். விசா விஷயத்தைக் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். எங்களை அங்கிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் அனுப்புகிறான். புக்கெட்டில் இறங்கி ஃபீ ஃபீ தீவுக்கு நாங்களாகவே போகலாமா?
*வாசகர், நகரி, ஆந்திரா*

போகாதீர்கள். பெரிய கப்பல்கள் பல சமயம் படோங் கடற்கரைக்கு வெளியே கடலில் நின்றுவிடும். கரைக்கு வருவதற்கே சிறு படகு, அதற்கு ஒரு வரிசை. பிறகு ரஸாடா இறங்குதுறைக்கு வண்டி, அங்கிருந்து ஃபீ ஃபீக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். திரும்ப ஒரே வழி, அதுவும் கடல்வழி. மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். 2018 ஜூலையில் புக்கெட் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பிந்தியது. கரையில் இறங்கியதும் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், போனில் 4 என்று பார்த்து நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கப்பலில் மணி 5. கையில் ஒரு பழைய கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகச் சுற்றும் ஆசையைப் பினாங்கில் தீர்த்துக்கொள்ளலாம். கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனின் ஓரத்திலேயே இருக்கிறது. நடந்து போனால் லிட்டில் இந்தியா, 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், தமிழில் விலை பேசக் கடைகள். வழி தவறினாலும் தமிழிலேயே கேட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

முதல் கேள்வி கேட்டவரின் மாமியார் நான்தான். மருமகளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். வைப்பினில் உணக்கமீன் (கருவாடு) நன்றாக இருக்குமாமே, வாங்கிக் கப்பலில் கொண்டுபோக விடுவார்களா?
*வாசகி, வேலந்தாவளம்*

விட மாட்டார்கள் அம்மா. ஏணிப்படியில் பைகளை எக்ஸ்ரே பார்ப்பார்கள். மீன், இறைச்சி, சமைத்த சாப்பாடு எதையும் பெரும்பாலான கப்பல்கள் உள்ளே அனுமதிப்பதில்லை. பொட்டலத்தை வாங்கிக் குப்பையில் போடுவார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். செராயில் மத்தியானம் வாழையிலையில் சுட்ட கரிமீன் பொள்ளித்ததும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். உணக்கமீன் கட்டாயம் வேண்டுமென்றால், மும்பையிலிருந்து ரயிலில் திரும்பும்போது பாலக்காட்டில் இறங்கிப் பெரிய சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். மருமகளிடம் நான் சொல்லவில்லை.